உள்ளாட்சி வலைத்தள உருவாக்குநர்களுக்கான இலவச இணைய வளங்கள்: தாம்பரமும் தென்சென்னைப் புறநகரும்

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆகியவற்றின் வலைத்தளங்களை உருவாக்கவும் பராமரிக்கவும் உதவும் பாடங்கள், எழுத்துருக்கள், நிரல்கள், நிலப்படத் தரவுகள், வழிகாட்டு நெறிகள் போன்றவற்றில் பல, கட்டணமின்றியோ சிறு தொகைக்கோ இணையத்தில் கிடைக்கின்றன. பெரும்பாலானவை உலகம் முழுமைக்கும் பொதுவானவை. ஆனால் தமிழில் இயங்க வேண்டிய ஓர் உள்ளாட்சித் தளத்துக்கு எது முதலில் தேவை, எது பின்னர் போதும் என்பது இடத்தைப் பொறுத்து மாறும். இக்கட்டுரை தாம்பரம் மாநகராட்சியையும் அதைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகரையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வளங்களை விளக்குகிறது.

தாம்பரத்தின் நிலை

தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் இதில் இணைந்தன. 70 வார்டுகள் பிரிக்கப்பட்டு 2022 பிப்ரவரியில் முதல் தேர்தல் நடந்தது. முடிச்சூர், மேடவாக்கம், வேங்கைவாசல், கோவிலம்பாக்கம் போன்றவை அந்த இணைப்பில் சேராமல் ஊராட்சிகளாகவே தொடர்ந்தன. ஆலந்தூர், பெருங்குடி, சோழிங்கநல்லூர் பகுதிகளோ 2011 விரிவாக்கத்திலேயே சென்னை மாநகராட்சிக்குள் சென்றுவிட்டன.

ஆகவே மேடவாக்கத்திலிருந்து பல்லாவரம் வரை செல்லும் ஒருவர் சில கிலோமீட்டருக்குள் வெவ்வேறு உள்ளாட்சிகளைக் கடந்துவிடுவார். தன் தெரு எந்த அமைப்பைச் சேர்ந்தது, வார்டு எண் பழையதா புதியதா, குப்பை எடுக்காவிட்டால் யாரிடம் சொல்வது என்ற கேள்விகளுக்கு அவர் முதலில் நாடுவது கைப்பேசியைத்தான். அங்கே விடை கிடைக்கிறதா என்பதே ஓர் உள்ளாட்சி வலைத்தளத்துக்கான தேர்வு. முகப்பில் ஓடும் படங்கள் எத்தனை என்பதை எந்தக் குடிமகனும் எண்ணிப் பார்ப்பதில்லை.

உள்ளூர் உருவாக்குநருக்கு எஞ்சும் வேலை

தமிழ்நாட்டில் வரி செலுத்துதல் போன்ற பெரிய சேவைகள் மாநில அளவிலான பொதுத் தளங்களுக்குச் சென்றுவிட்டன. நகர்ப்புறச் சொத்துவரிக்கு ஒரு தளமும் ஊராட்சி வீட்டுவரிக்கு வேறொரு தளமும் உள்ளன. பிறப்பு, இறப்புச் சான்றிதழுக்கும் தனித் தளம் உண்டு. ஒப்பந்தப்புள்ளிகள் மாநில ஒப்பந்தத் தளத்தில் வெளியாகின்றன. மாவட்டங்களின் தளங்களைத் தேசியத் தகவலியல் மையத்தின் 'எஸ்3வாஸ்' என்ற ஆயத்தச் சட்டகம் தாங்குகிறது. செங்கல்பட்டு மாவட்டத் தளமும் அவ்வகையே.

இவ்வளவும் போக உள்ளூர்த் தளத்துக்கு எஞ்சுவது சிறிய வேலை போலத் தோன்றும்: மன்றத் தீர்மானங்கள், வார்டு எல்லைகள், அலுவலர்களின் தொலைபேசி எண்கள், குடிநீர் வரும் நாள்கள், வெள்ளக்கால அறிவிப்புகள், எந்தச் சேவைக்கு எந்தத் தளம் என்ற வழிகாட்டல். ஆனால் மக்கள் அன்றாடம் தேடுவது இவற்றைத்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4(1)(ஆ) பிரிவு, ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டியவற்றை 17 உட்பிரிவுகளில் அடுக்குகிறது. புதிதாக உள்ளாட்சித் தளம் அமைப்பவர் அந்தப் பட்டியலையே உள்ளடக்க அட்டவணையாக வைத்துக்கொள்ளலாம். கட்டணமின்றிக் கிடைக்கும் முதல் வளம் அந்தச் சட்டம்தான் என்றாலும் தவறில்லை.

அரசுத் தளங்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 'இந்திய அரசு வலைத்தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள்' என்ற ஆவணம் உள்ளது. 2009-இல் முதலில் வந்த இது, கைப்பேசிச் செயலிகளையும் சேர்த்து 2023-இல் மூன்றாம் பதிப்பாக வெளியானது. இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். நீளமானது, சில இடங்களில் அலுப்பூட்டுவது. ஆயினும் பக்கம் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நாளைக் காட்ட வேண்டும் என்பது போன்ற எளிய விதிகள் அதில் உள்ளன. நாள் குறிப்பிடாத வெள்ள அறிவிப்பு, சென்ற ஆண்டுக்குரியதா இன்றைக்குரியதா என்று தெரியாமல் படிப்பவரைத் தவிக்கவிடும்.

எழுத்துச் சிக்கல்

ஆங்கிலத்தில் கிடைக்கும் பாடங்கள் எதுவும் சொல்லித்தராத ஒன்று தமிழ் உள்ளாட்சித் தளத்தில் முதலில் எதிர்ப்படும். அது எழுத்துக் குறியாக்கம். தமிழக அரசு அலுவலகங்களில் நெடுங்காலம் 'வானவில் ஔவையார்' போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தனர். இவ்வெழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியவை. அவ்வெழுத்துரு உள்ள கணினியில் கோப்பு அழகாகத் தெரியும். அதையே நகலெடுத்து வலைப்பக்கத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் குவிந்த குப்பையாகத் தெரியும். தேடுபொறியில் 'தாம்பரம்' என்று தேடுபவருக்கு அந்தப் பக்கம் அகப்படாது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது தமிழே இல்லை.

இதற்குத் தீர்வு ஒருங்குறி, அதாவது யூனிகோடு. உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் முறை இது. 2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த நாள்களில், தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. இன்று புதிய ஆவணங்கள் பெரும்பாலும் ஒருங்குறியில்தான் உருவாகின்றன. பழைய கோப்புகளும் பழைய பழக்கமும் முழுவதுமாக மறையவில்லை.

மாற்றுவதற்கான கருவிகள் இலவசம். நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட 'என்.எச்.எம். கன்வர்ட்டர்' பழைய குறியாக்கங்களிலுள்ள உரையை ஒருங்குறிக்கு மாற்றும். நூற்றுக்கணக்கான கோப்புகளை நிரல் வழியே மாற்ற வேண்டுமானால் 'ஓப்பன்-தமிழ்' என்ற கட்டற்ற பைத்தான் நிரலகம் பயன்படும். சென்னை கோட்டூர்புரத்தில் இயங்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம் ஒருங்குறி எழுத்துருக்களையும் விசைப்பலகை மென்பொருளையும் இலவசமாகத் தருகிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் வழியே வந்த 'தமிழ் 99' விசைப்பலகையைப் பழகிக்கொண்டால் தட்டச்சு வேகம் கூடும். ஒலிபெயர்ப்பு முறையில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவைப்பவர்கள் இதைக் கற்கத் தயங்குவர். ஒரு வாரப் பயிற்சியே போதும்.

எழுத்துருவைப் பொறுத்தவரை கூகுளின் 'நோட்டோ சான்ஸ் தமிழ்' போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. பலரும் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் தமிழ் எழுத்துரு முன்பே இருக்கிறது. விண்டோஸ் 8 முதல் 'நிர்மலா' எழுத்துரு உடன் வருகிறது. ஆகவே தளத்தோடு தனி எழுத்துருவை அனுப்பிப் பக்கத்தின் எடையைக் கூட்டுவது பல நேரங்களில் தேவையற்றது.

ஸ்கேன் செய்த ஆவணங்கள்

உள்ளாட்சித் தளங்களில் அடிக்கடி காணப்படும் இன்னொரு வழக்கம், தட்டச்சு செய்த அறிவிப்பை அச்செடுத்து, கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து பி.டி.எஃப். கோப்பாக ஏற்றுவது. கையொப்பம் சட்டத் தேவையாக இருக்கலாம். ஆனால் அந்தக் கோப்பு உண்மையில் ஒரு படம். அதற்குள் தேட முடியாது. சிறிய திரையில் இரு விரலால் விரித்து விரித்துப் படிக்க வேண்டும். கையொப்பமிட்ட படிக்குப் பக்கத்திலேயே அதே செய்தியை உரையாகவும் இடுவதே எளிய வழி. அதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம்.

பழைய ஆவணங்களைத் திரும்பத் தட்டச்சு செய்ய இயலாதபோது எழுத்துணரி மென்பொருள் துணை செய்யும். கட்டற்ற மென்பொருளான 'டெசராக்ட்' தமிழை அறியும். கூகுள் டிரைவின் எழுத்துணரி வசதியும் தமிழைக் கையாள்கிறது. தமிழ் விக்கிமூலத் தன்னார்வலர்கள் இவ்வசதியைக் கொண்டே ஏராளமான பழைய நூல்களை உரையாக்கினர். எனினும் எண்களில் பிழை வரும். வரித் தொகையும் புல எண்ணும் உள்ள ஆவணத்தில் ஓர் இலக்கம் மாறினால் விளைவு பெரிது. மனிதக் கண்ணால் ஒருமுறை ஒப்பிடாமல் வெளியிடக் கூடாது.

எல்லோரும் பயன்படுத்தக்கூடிய பக்கம்

பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள் வழியாக இணையத்தைப் பயன்படுத்துகின்றனர். படமாக ஏற்றிய அறிவிப்பு அவர்களுக்கு வெற்றுத்தாள். வானவில் எழுத்துருவில் உள்ள பக்கத்தைத் திரைவாசிப்பான் பொருளற்ற ஆங்கில ஒலிகளாக உளறும். ஆகவே முற்பகுதிகளில் சொன்ன இரண்டு திருத்தங்களையும் செய்தாலே பாதி வழி கடந்ததாகிவிடும்.

மீதிப் பாதிக்கு உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் அணுகல் நெறிகள் உதவும். 2018-இல் வந்த 2.1 பதிப்பையே இந்திய அரசின் வழிகாட்டு நெறிகளும் பின்பற்றுகின்றன. 2023-இல் 2.2 பதிப்பு வெளியானது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிறவேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். படங்களுக்கு மாற்றுரை வேண்டும். சுட்டி இல்லாமல் விசைப்பலகையாலேயே தளம் முழுவதும் செல்ல முடிய வேண்டும் என்பன அவற்றுள் சில. பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் ஒரு சொல்லால் குறிக்க வேண்டும். இதை மறந்தால் சில திரைவாசிப்பான்கள் தமிழ்க் குரலுக்கு மாறாமல் நிற்கும்.

சோதிக்கும் கருவிகளும் இலவசமே. 'என்.வி.டி.ஏ.' என்ற திரைவாசிப்பானை ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற நிரலாளர் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கினார். விண்டோஸ் கணினியில் இயங்கும். அதனுடன் வரும் குரல்பொறி தமிழையும் படிக்கும். குரல் சற்று இயந்திரத்தனமானது, ஆனால் சோதனைக்குப் போதும். 'வேவ்', 'லைட்ஹவுஸ்' போன்ற உலாவிக் கருவிகள் குறைகளைச் சுட்டிக்காட்டும். இவை தரும் மதிப்பெண்ணை மட்டும் நம்புவது தவறு. மாற்றுரை இருக்கிறதா என்று கருவி பார்க்கும், அது பொருளுள்ளதா என்று பார்க்காது. 'படம் 1' என்ற மாற்றுரைக்கும் அது முழு மதிப்பெண் தந்துவிடும்.

இது சட்டம் சார்ந்த விஷயமும்கூட. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அதன் கீழ் வகுத்த 2017 விதிகளில் 15(1)-ஆம் விதி அணுகல் நெறிகளை வெறும் பரிந்துரையாக விட்டுவிடுகிறது என்று கூறி, 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்சநீதிமன்றம் அவ்விதி சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. கட்டாய விதிகளை வகுக்க மத்திய அரசுக்கு 3 மாதக் கெடுவும் விதித்தது.

தமிழிலேயே கற்பதற்கு

வலைத்தள உருவாக்கத்தைத் தமிழில் கற்க விரும்புவோருக்கு 2012 முதல் வெளிவரும் 'கணியம்' மின்னிதழ் நல்ல தொடக்கம். அதில் வந்த தொடர்கள் 'எளிய தமிழில்' என்ற வரிசையில் மின்னூல்களாகி உள்ளன. எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., பி.எச்.பி., மை-எஸ்.க்யூ.எல்., வேர்ட்பிரஸ் ஆகியவற்றுக்குத் தனித்தனி நூல்கள் உண்டு. இவ்வரிசையில் து. நித்யா எழுதியவை புதியவருக்கும் புரியும் நடையில் அமைந்தவை. சில நூல்கள் எழுதப்பட்டு ஆண்டுகள் கடந்துவிட்டதால் மென்பொருள் பதிப்பு எண்கள் மாறியிருக்கும். அடிப்படை மாறவில்லை.

மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுட்டோரியல்' திட்டம் பத்து நிமிட அளவிலான காணொளிப் பாடங்களைத் தருகிறது. லினக்ஸ், லிபரெ ஆபிஸ், பி.எச்.பி. எனப் பல பாடங்களுக்குத் தமிழ்க் குரல் உண்டு. பக்கத்தில் கணினியைத் திறந்துவைத்து, காணொளியை நிறுத்தி நிறுத்திச் செய்து பார்க்கும்படி இவை அமைந்துள்ளன. ஆங்கிலம் படிக்க முடிந்தவர்க்கு மொசில்லாவின் 'எம்.டி.என்.' ஆவணங்களைவிட நம்பகமான மேற்கோள் நூல் இல்லை. கிண்டி ஐ.ஐ.டி. வளாகத்திலிருந்து ஒருங்கிணைக்கப்படும் 'என்பிடெல்' பாடங்களை இலவசமாகக் கேட்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம் உண்டு.

நிலப்படமும் வெள்ளமும்

2015 டிசம்பர் 1-2 இடைப்பட்ட 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. அந்நாள்களில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்பதை மக்களே குறிக்கும்படி, 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' என்ற கட்டற்ற உலக நிலப்படத்தின்மேல் தன்னார்வலர்கள் ஒரு வெள்ள நிலப்படத்தை விரைந்து உருவாக்கினர். அதற்குத் தேவையான தெருத் தரவும் மென்பொருளும் முன்பே இலவசமாக இருந்ததால்தான் அவ்வளவு விரைவில் அது இயலக்கூடியதாயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இதே பகுதிகளில் தண்ணீர் புகுந்தது.

வார்டு எல்லையையும் மழைக்கால முகாம்களையும் நிலப்படத்தில் காட்ட விரும்பும் உருவாக்குநருக்கு மூன்று கருவிகள் போதும். எல்லைக் கோடுகளை வரைய 'கியூ.ஜி.ஐ.எஸ்.', பின்னணிக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், வலைப்பக்கத்தில் காட்ட 'லீஃப்லெட்' என்ற சிறு நிரலகம். 'ஓப்பன்சிட்டி' என்ற தளம் சென்னை உள்ளிட்ட நகரங்களின் வார்டு எல்லைக் கோப்புகளைத் தொகுத்துவைத்துள்ளது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைப் பயன்படுத்துவோர் அதன் பெயரைக் குறிப்பிட வேண்டும். அதன் வழங்கிகள் நன்கொடையில் ஓடுபவை. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பார்க்கும் தளம் அவற்றின்மேல் சுமையை ஏற்றக் கூடாது என்று அதன் விதிகள் சொல்கின்றன.

வெள்ள நேரத்தில் நிலப்படத்தைவிட முக்கியமானது பக்கத்தின் எடை. மின்சாரம் இல்லாத இரவில், கோபுரங்கள் பாதி செயலிழந்த நிலையில், 10 சதவீத மின்கலத்தோடு ஒருவர் உதவி எண்ணைத் தேடும்போது பெரிய படங்கள் நிறைந்த முகப்பு திறக்கவே திறக்காது. வெறும் உரையாலான ஒரு பக்கத்தில் முகாம், படகு, மருத்துவம் ஆகியவற்றின் எண்கள் மட்டும் இருந்தால் அது நலிந்த இணைப்பிலும் வந்துவிடும். இப்படி ஒரு பக்கத்தை ஆகஸ்டு மாதத்திலேயே செய்துவைப்பதற்குச் செலவு எதுவுமில்லை.

ஆயத்த மென்பொருள்களும் குரோம்பேட்டையும்

எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. வேர்ட்பிரஸ், துருபல் ஆகிய உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்கள் கட்டற்றவை. பிரித்தானியாவில் பல நகர மன்றங்கள் சேர்ந்து 'லோக்கல்கவ் துருபல்' என்ற பொதுப் பதிப்பைப் பராமரிக்கின்றன. ஒரு மன்றம் எழுதிய நிரலை மற்றொன்று செலவின்றி எடுத்துக்கொள்கிறது. இந்தியாவில் 2003-இல் தொடங்கிய இ-கவர்ன்மென்ட்ஸ் அறக்கட்டளையின் 'டிஜிட்' தளம் வரி, புகார் போன்ற நகராட்சிச் சேவைகளுக்கான திறந்த நிரலைத் தருகிறது. கேரளத்தில் 'சகர்மா' என்ற மென்பொருள் உள்ளாட்சி மன்றக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளைப் பதிவுசெய்து பொதுமக்கள் பார்க்கத் தருகிறது. தமிழ்நாட்டு மன்றங்களுக்கு இதில் கற்க நிறைய உண்டு.

கட்டற்ற மென்பொருளுக்குத் தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள்ளேயே ஒரு வரலாறு இருக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் இணைந்து 2005-இல் கட்டற்ற, திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அம்முயற்சியின் வழியே வந்ததுதான் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கும் 'பாஸ்' லினக்ஸ். பழைய கணினிகளை மட்டுமே கொண்ட ஊராட்சி அலுவலகங்களுக்கு இத்தகைய லினக்ஸ் பதிப்புகள் இன்றும் பொருத்தமானவை. மொழிபெயர்ப்புக்கு, கிண்டி ஐ.ஐ.டி.யின் 'ஏ.ஐ.4பாரத்' குழு 2023-இல் திறந்த உரிமத்தில் வெளியிட்ட 'இண்டிக்டிரான்ஸ் 2' கிடைக்கிறது. முதல் வரைவுக்கு உதவும். அலுவலகத் தமிழைச் செம்மையாக்க ஒரு மனிதர் வேண்டும்.

இலவசத்துக்கு ஆகும் செலவு

மென்பொருளுக்கு விலை இல்லை என்றாலும் பராமரிப்புக்கு உண்டு. வேர்ட்பிரஸின் செருகுநிரல்களை மாதக்கணக்கில் புதுப்பிக்காவிட்டால் தளம் களவாடப்படும் வாய்ப்பு அதிகம். 'லெட்ஸ் என்கிரிப்ட்' தரும் பாதுகாப்புச் சான்றிதழ் இலவசம், ஆனால் 90 நாளில் காலாவதியாகும். தானே புதுப்பித்துக்கொள்ளும்படி அமைக்காவிட்டால் ஒரு காலை உலாவி சிவப்பு எச்சரிக்கை காட்டும். அதைப் பார்த்த குடிமகன் தளத்தையே நம்பமாட்டான். அரசுத் தளங்கள் வெளியாகுமுன் 'செர்ட்-இன்' பட்டியலிலுள்ள நிறுவனங்களிடம் பாதுகாப்புத் தணிக்கை பெற வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு. 'ஓவாஸ்ப்' அமைப்பின் இலவச வழிகாட்டிகளைப் படித்து, பொதுவான பத்துக் குறைகளை முன்கூட்டியே களைந்துவிட்டால் மறு தணிக்கைச் செலவாவது மிஞ்சும். அரசுத் தரவை வெளிநாட்டு இலவச வழங்கியில் வைக்கலாகாது. மாநிலத் தரவு மையம் பெருங்குடி எல்காட் வளாகத்தில் உள்ளது.

இன்னொரு செலவு ஆள் மாற்றம். ஒப்பந்த நிரலாளர் ஒருவர் விலகும்போது கடவுச்சொற்களும் அமைப்பு முறையும் அவரோடு போய்விடக் கூடாது. நிரலைக் 'கிட்' முறையில் பதிப்புகளாகச் சேமித்து, எப்படி இயக்குவது என்று ஒரு பக்கம் தமிழில் எழுதிவைத்தால் அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது. தணிக்கைக்கும் உரிமத்துக்கும் நிதி ஒதுக்கும் அலுவலகங்கள்கூட இந்த ஒரு பக்கத்தை எழுதச் சொல்வது அரிது.

மாணவர்கள் பங்கேற்க

கல்லூரி முடித்தவர்கள் நகர்ப்புற உள்ளாட்சிகளில் பயிற்சி பெற, மத்திய அரசு 2020 ஜூனில் 'டியூலிப்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதில் இடம் கிடைக்காதவர்களும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தங்கள் தெருப் பெயர்களைத் தமிழில் சேர்க்கலாம். தங்கள் ஊராட்சியின் கிராமசபைத் தீர்மானத்தை உரையாக்கித் தரலாம்.

பயிற்சிக்காக உள்ளாட்சித் தளத்தின் மாதிரியைச் செய்து இலவச வழங்கிகளில் வைப்போர் அது அதிகாரபூர்வமானது அன்று என்பதை முகப்பிலேயே பெரிதாக எழுத வேண்டும். அசோகத் தூண் இலச்சினையை அதில் இடக் கூடாது. 2005-ஆம் ஆண்டின் இலச்சினைச் சட்டம் அதைத் தடைசெய்கிறது. வரி செலுத்தும் பொத்தானை விளையாட்டாகக்கூட வைக்கக் கூடாது. யாராவது ஒருவர் உண்மையென்று நம்பி வங்கி விவரங்களைத் தட்டிவிடுவார்.